மூட்டுவலிக்கும் பருப்புக்கும் என்ன பகை? அப்பாவின் தட்டிலிருந்து சில பாடங்கள்

மூட்டு வலிக்கிறது என்று வீட்டில் யாராவது வாய் திறந்தால் போதும், "முதல்ல பருப்ப நிறுத்துங்க" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். வலி முழங்காலிலா, இடுப்பிலா, கால் விரலிலா என்று யாரும் கேட்பதில்லை. பருப்பு வாயு, பருப்பு யூரிக் அமிலம், பருப்பு சாப்பிட்டால் கால் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியிலேயே இப்படிப் பருப்பைத் தள்ளிவைத்த பெரியவர்கள் நிறைய பேர். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவருக்கு நடந்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அடுப்படியில் நாங்கள் மாற்றியதையும் இங்கே எழுதுகிறேன். வயதானவர்களுக்குச் சமைத்துப்போடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி பழைய துணை. தைலம் தேய்த்துக்கொண்டு சமாளித்து வந்தார். சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி ஆட்டுக்கறி, இறால், பீர் என்று விருந்து. மறுநாள் சாம்பார், வடையோடு கல்யாணச் சாப்பாடு. அன்று நடுராத்திரி வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கிப் போர்வை பட்டால்கூட துடித்துப்போனார். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் அமிலம் ஏறியிருக்கிறது, கௌட் என்றார்கள். பார்க்க வந்த உறவினர்கள் எல்லாரும் பழியைப் போட்டது சாம்பார் மீதும் வடை மீதும்தான். முந்தின ராத்திரிக் கறியையும் பீரையும் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா ஒன்று முடிவு செய்தால் செய்ததுதான். துவரை, பாசி, உளுந்து, கடலை, தவ்கே என்ற முளைப்பயறு, தவ்ஃபூ என்ற சோயாக் கட்டி எல்லாம் ஒரே நாளில் வீட்டை விட்டுப் போயின. உளுந்து இருக்கிறதே என்று தோசையும் இட்லியும் போயின. பயத்தில் கறி மீனையும் குறைத்துக்கொண்டார். மிஞ்சியது சோறு, ரசம், ஒரு காய். பசியாற ரொட்டி, இனிப்புத் தேத்தண்ணி.

சில மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டார். வயிறு அப்படியேதான் இருந்தது, தொடைதான் வற்றிக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி, உடம்பை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, மூன்றாவது ஆட்டத்தில்தான் எழுந்தார். முழங்கால் வலியும் கூடியது. இதற்கிடையில் ஒரு நாள் அதே பெருவிரல் மறுபடி வீங்கியது, அதுவும் ஒரு பருப்புக்கூட நுழையாத வீட்டில்! அம்மாதான் முதலில் சொன்னார்: "பருப்புதான் காரணம்னா இப்ப ஏன் வருது?" அந்தக் கேள்வியோடுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் பொறுமையானவர். அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று என்று பிரித்துச் சொன்னார். பெருவிரலில் கௌட். முழங்காலில் மூட்டுத் தேய்மானம். மூன்றாவது, நாங்கள் கேள்வியே படாத சார்கோபீனியா, அதாவது வயதில் வரும் தசையிழப்பு. மூன்றையும் "மூட்டுவலி" என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரே பத்தியம் வைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

தசையிழப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு கருவியைக் கையில் கொடுத்து முழுப் பலத்தோடு இறுக்கச் சொன்னார்கள். ஆசிய நாட்டு நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் பிடிபலம் குறைவு. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காரச் சொன்னார்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். அப்பா 3 தடவையோடு நின்றுவிட்டார். கெண்டைக்கால் சுற்றளவை வீட்டிலேயே அளவு நாடாவால் பார்க்கலாம். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33-க்கும் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே உங்கள் அப்பா அம்மாவுக்கு அளந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, பருப்புக்கும் கௌட்டுக்கும் என்னதான் உறவு? பருப்பில் பியூரின் இருக்கிறது, பியூரின் உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிறது. இந்த அளவுக்கு நம் ஆட்கள் சொல்வது சரி. ஆனால் பருப்பு சாப்பிடுகிறவர்களுக்குக் கௌட் கூடுதலாக வருகிறதா என்று ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை செய்யும் 47,150 ஆண்களை 12 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வை ஹியான் சோய் குழுவினர் 2004-இல் வெளியிட்டார்கள். இறைச்சி மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட ஆபத்து 41 சதவீதம் கூடுதல். கடலுணவுக்கு 51 சதவீதம். பட்டாணி, பீன்ஸ், பருப்பு, கீரை, காளான் போன்ற பியூரின் உள்ள தாவர உணவுகளுக்கோ கௌட்டோடு தொடர்பே தெரியவில்லை.

அமெரிக்கர் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு என்று அப்பா சொன்னார். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1993 முதல் 1998 வரை 45 முதல் 74 வயதுக்குட்பட்ட 63,257 பேரைச் சேர்த்துத் தொடங்கிய சிங்கப்பூர்ச் சீனர் ஆய்வு, கௌட் பற்றிய தன் முடிவை 2015-இல் வெளியிட்டது. கோழியும் மீன் வகைகளும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் ஆபத்து கூடியது. சோயாவும் மற்ற பருப்பு வகைகளும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. தவ்ஃபூ, தவ்கே, சோயா பால் என்று நாம் கோலாலம்பூரில் தினம் பார்க்கும் பண்டங்களைத்தான் அவர்களும் சாப்பிடுகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு பருப்பு கௌட்டுக்கு மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இவை ஆட்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள். பருப்பு கொடுத்து நோயைக் குணமாக்கிக் காட்டியவை அல்ல. கௌட்டுக்கு மருந்து மருந்துதான். அப்பாவுக்கு அலோபியூரினால் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். யூரிக் அமிலம் லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. தோலில் தடிப்பு வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. சாப்பாட்டில் நிறுத்தச் சொன்னது பீர், ஈரல் குடல் வகைகள், கறி எலும்புக் குழம்பு. குறைக்கச் சொன்னதில் இரண்டு எங்களுக்கே புதிது: ஒன்று இனிப்புப் பானங்கள், ஏனென்றால் சர்க்கரையில் உள்ள ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டும். மற்றது நெத்திலி. நாசி லெமாக்கிலும் சம்பாலிலும் கீரைப் பிரட்டலிலும் தூவிக்கொள்ளும் அந்தக் காய்ந்த நெத்திலியில் பருப்பைவிடப் பல மடங்கு பியூரின். டால்ச்சா என்ற பருப்புக் குழம்பு பிடிக்கும் என்றால் எலும்பு போடாமல் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வையுங்கள் என்றார் உணவியல் நிபுணர்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "பருப்பு தின்றால் கால் முடங்கும்" செய்திக்கு ஒரு உண்மையான அடி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேசரிப் பருப்பு என்று ஒன்று இருக்கிறது. பஞ்ச காலத்தில் அதையே மாதக்கணக்கில் முக்கிய உணவாகத் தின்றவர்களுக்கு அதிலுள்ள நச்சு நரம்பைத் தாக்கிக் கால் முடங்கியது. இந்தியாவில் 1961-இல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. துவரையும் பாசியும் உளுந்தும் கடலையும் அந்தக் கணக்கில் சேரவே சேராது.

இனி தசை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கௌட் வந்தால் வலி சொல்லிக்கொடுக்கும். தசை போவதை யாரும் சொல்ல மாட்டார்கள். வயதானவர் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும் என்று நினைக்கிறோம். புரதத்தில் கணக்கு தலைகீழ். வயதான உடம்புக்கு அதே தசையைக் காப்பாற்றக் கூடுதல் புரதம் வேண்டும். 2013-இல் வல்லுநர் குழு ஒன்று சொன்ன அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ இருக்கும் ஒருவருக்கு 60 முதல் 72 கிராம். அப்பாவின் ரசச்சோற்றுக் கணக்கைக் கூட்டிப் பார்த்த உணவியல் நிபுணர், இதில் பாதிகூட வரவில்லை என்றார்.

அப்போது அம்மா, "முன்னாடியெல்லாம் தினம் சாம்பார் வச்சேனே" என்றார். அந்த உணவியல் நிபுணர் சிரித்துக்கொண்டே, எவ்வளவு பருப்பு போடுவீர்கள் அம்மா என்று கேட்டார். நாலு பேருக்கு இரண்டு வேளைக்கு 100 கிராம் துவரை. 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். எட்டால் வகுத்தால் ஒரு வேளைக்கு ஒருவருக்கு 3 கிராம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பரிமாறுவதை உற்றுப் பார்த்தேன். கரண்டியை மேலாக விட்டு, அப்பாவுக்குப் பிடித்த தெளிந்த சாம்பாரை மொண்டு சோற்றைச் சுற்றி ஊற்றினார். பருப்பு சட்டியின் அடியில் கிடந்தது. பிள்ளைகளுக்கு ஊற்றும்போதுதான் கரண்டி அடிவரை போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதல் சட்டம்: கரண்டி அடியைத் தொட்டு வர வேண்டும், பெரியவர்களுக்கு முதலில்.

பருப்புப் புரதம் கறி முட்டைப் புரதத்துக்குச் சமமா? நேர்மையாகச் சொன்னால், எடைக்கு எடை சமமில்லை. செரிமானம் கொஞ்சம் குறைவு, தசையைத் தூண்டும் லியூசின் என்ற புரதக்கூறும் குறைவு. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டியவர்களை வைத்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், புரதம் மிக அதிகம் சாப்பிட்டவர்கள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 3 ஆண்டில் சுமார் 40 சதவீதம் குறைவாகவே தசையை இழந்தார்கள். ஆனால் அந்தப் பலன் விலங்குப் புரதத்தில்தான் தெரிந்தது, தாவரப் புரதத்தில் தனியாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பால் முட்டைகூடத் தொடாத சைவ இளைஞர்களுக்கும் அசைவ இளைஞர்களுக்கும் 12 வாரம் எடைப் பயிற்சி கொடுத்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தப் புரதம் போதுமான அளவு இருந்தபோது இரண்டு கூட்டத்துக்கும் தசை ஒரே மாதிரி வளர்ந்தது. அவர்கள் இளைஞர்கள் என்பதை மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நாங்கள் எடுத்துக்கொண்டது இதுதான்: பருப்பை அளவாக அல்ல, தாராளமாகப் போடு, ஒரே வேளையில் குவிக்காமல் எல்லா வேளைக்கும் பிரி, முடிந்தால் கூடவே முட்டையோ பாலோ மீனோ கொஞ்சம் வை. அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் என்பதும் உண்மை; அரிசியில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு, பருப்பில் மெத்தியோனின் என்ற புரதக்கூறு குறைவு. இட்லி தோசைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

காலையில் ரொட்டியை எடுத்துவிட்டுப் பாசிப்பயறு தோசை, கூட ஒரு முட்டை. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் இஞ்சி பச்சைமிளகாயோடு அரைத்து வார்த்துவிடலாம், புளிக்கவைக்க வேண்டியதில்லை. மதியம் தெளிந்த சாம்பாருக்குப் பதில் கெட்டிப் பருப்பு, ஆளுக்கு ஒரு சின்னக் கைப்பிடி காய்ந்த பருப்புக் கணக்கில், ஒரு துண்டு மீனோடு. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். கச்சாங் பூத்தே எனும் கடலை வண்டியில் அவித்த கொண்டைக்கடலை கிடைத்தால் அதுவும் நல்லதுதான், பொரித்து உப்புப் போட்டதை மட்டும் விட்டுவிடுங்கள். ராத்திரிக்குத் தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இலையில் சுற்றி மலிவாக விற்கிறார்கள். 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம்; நம் பக்கத்தில் கிடைக்கும் பருப்புப் பண்டங்களில் இதுதான் ராஜா என்பது என் எண்ணம். மெல்லிசாக நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் தடவித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுக விட்டு, வெங்காயம் கறிவேப்பிலையோடு பிரட்டிவிடுவேன். பட்டறை கேண்டீனில் மலாய் நண்பர்களோடு தெம்பே சாப்பிட்ட பழக்கம் அப்பாவுக்கு இருந்ததால் முகம் சுளிக்கவில்லை. சந்தையில் சோயா பால் வாங்கினால் "கோசோங்", அதாவது சீனி இல்லாமல், என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அது சீனித் தண்ணீர்.

வாயுத் தொல்லைக்குப் பயந்துதான் பாதிப் பேர் பருப்பை விடுகிறார்கள். பருப்பில் உள்ள சில சர்க்கரைகளைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் அவை புளித்து வாயுவாகின்றன. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அவற்றில் ஒரு பங்கு போய்விடும். பாசிப்பருப்பில் தொடங்கி, துவரை, அப்புறம் கடலை என்று வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள். திடீரென்று ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தால் எந்த வயிறும் புரளும். சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை: நன்றாகக் கொதித்து வெந்தே ஆக வேண்டும். மெதுவாகச் சூடேறும் மின்பானையில் அப்படியே போட்டால் அதிலுள்ள நச்சு அழியாமல் வாந்தி பேதி வரும்.

அம்மாவின் கதை வேறு. அவருக்கும் முழங்கால் தேய்மானம்தான், ஆனால் எடை கூடுதல். 2005-இல் வந்த ஒரு ஆய்வுப்படி ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது. அதனால் ஒரே சட்டியிலிருந்து இரண்டு விதமான தட்டு. அம்மாவுக்குச் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டு, அதாவது கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காயும் பழமும். அப்பாவுக்குச் சோறும் வேண்டும், பருப்பும் கூடுதல் வேண்டும். மூட்டுத் தேய்மான வலிக்குச் சோயாப் புரதம் நல்லதா என்று 2004-இல் 135 பேரை வைத்து 3 மாதம் பார்த்திருக்கிறார்கள். தினம் 40 கிராம். ஆண்களுக்குக் கொஞ்சம் பலன், பெண்களுக்கு அவ்வளவாக இல்லை. இந்தச் சின்ன ஆய்வை நம்பி நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்துப் புரத மாவு டின் வாங்க வேண்டாம். வீட்டுக்கே வந்து விற்பவர்கள் இதைத்தான் சொல்லி விற்கிறார்கள்.

சாப்பாடு மட்டும் தசையைக் கொண்டுவராது. உடற்பயிற்சி மருத்துவர் அப்பாவிடம் தொடைத் தசையின் வேலையை விளக்கியபோது, "ரயில் பெட்டிக்கு அடியில இருக்கிற ஸ்பிரிங் மாதிரிதானே" என்று அப்பா கேட்டார். அதேதான் என்றார் அவர். தசை தாங்காவிட்டால் அதிர்ச்சியெல்லாம் மூட்டுக்குப் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பிடிப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது என மூன்று பயிற்சிகள். முதலில் நாற்காலியில் கெட்டித் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினோம், பலம் வர வர எடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தித்திவங்சா ஏரிப் பூங்காவில் நடை. தரை சமமாக இருக்கும், உட்கார இடமும் உண்டு. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

எல்லாருக்கும் இந்த அளவு பொருந்தாது. சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. நம்மில் நீரிழிவு உள்ளவர்கள் அதிகம் என்பதால் முதலில் சிறுநீரகப் பரிசோதனை செய்துவிடுங்கள். அப்பாவுக்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அளவு சொன்னார்கள். அம்மா தைராய்டு மாத்திரை எடுக்கிறார். சோயா அந்த மருந்தை உடம்பு ஏற்றுக்கொள்வதைக் குறைக்கும் என்பதால் மாத்திரை வெறும் வயிற்றில் விடியற்காலை, சோயா பால் பல மணி நேரம் கழித்து.

இப்போது அப்பா கையை ஊன்றாமல் எழுகிறார். கடைசியாகப் பார்த்தபோது யூரிக் அமிலம் இலக்குக்குக் கீழே இருந்தது, மாத்திரை தொடர்கிறது. முழங்கால் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. படி இறங்கக் கைத்தடி வேண்டும். மூட்டு மாற்று அறுவை பற்றி டாக்டர் பேச ஆரம்பித்திருக்கிறார். அறுவைக்கு முன்பே தொடை பலமாக இருந்தால் பிறகு நடை சீக்கிரம் திரும்பும் என்று அவர் சொன்னதிலிருந்து, அப்பாவே தட்டை நீட்டி இன்னொரு கரண்டி பருப்பு கேட்கிறார்.